ஒற்றைப் பெடல்

மூன்று பெடல் இருக்க வேண்டிய காரில் ஒரு பெடல்தான் இருந்தது. அதைப் பார்த்த நாளிலிருந்து என் அக்காள் புருஷன் மேல் எனக்குச் சந்தேகம் பிடித்துக்கொண்டது.

"மாமா, மத்த ரெண்டும் எங்க?"

"கழட்டிட்டேன்."

"ஏன்?"

"ரேஸ் காருல எல்லாம் இப்படித்தான் மாப்ள. கிளட்ச் கையில, ஆக்சிலேட்டர் கையில. பஸ்ஸுல தொங்கிட்டுப் போறவனுக்கு அதெல்லாம் எங்க தெரியப்போவுது?"

ரேஸ் காரைப் பற்றி எனக்குத் தெரியாதுதான். ஆனால் மாமா பொய் சொன்னால் எப்படி இருப்பார் என்று தெரியும். கையில் எந்தச் சாமான் இருந்தாலும் அதைத் துணியால் துடைக்க ஆரம்பித்துவிடுவார். அன்றைக்கு ஒரு ஸ்பேனரைப் பளபளவென்று ஆகும்வரை துடைத்தார்.

இதைச் சும்மா விட்டுவிட முடியாததற்குக் காரணம் உண்டு. நானும் அவரும் ஒரே யார்டில் வேலை செய்கிறோம். லாரியில் வரும் இரும்புத் தகடுகளை இறக்கி அடுக்கும் இடம். அவர் கிரேன் ஓட்டுகிறார். நான் கீழே நின்று கட்டுக்குக் கம்பிக் கயிறு போட்டுக் கொக்கியில் மாட்டுகிறவன். எங்கள் கிரேன் அரதப் பழசு. தூக்குவதற்குத்தான் இன்ஜின் வேண்டும். இறங்குவது தன் பாரத்திலேயே இறங்கும். அது விழுந்துவிடாமல் பிடித்து வைத்திருப்பது ஓட்டுகிறவரின் வலது கால், பிரேக்கின் மேல். தொங்கும் பாரத்துக்குக் கீழே நிற்காதே என்று சுவரில் ஆள் உயரத்துக்கு எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதியவன் தகடு இறக்கியிருக்க மாட்டான். கடைசி ஒரு முழம் இறங்கும்போது கையால் பிடித்துத் திருப்பாமல் எந்தக் கட்டும் அடியில் போட்ட மரக்கட்டையின் மேல் நேராக உட்காராது.

பதினொரு வருடமாக அவர் காலை நம்பித்தான் என் கையை உள்ளே விட்டு எடுத்துக்கொண்டிருக்கிறேன். யார்டில் அவருக்குப் பெயர் பஞ்சு. நாலு டன் தகட்டைப் பஞ்சு மூட்டை வைப்பது போல வைப்பார். என் கையை விட்டு அவர் கண் நகராது. நான் விரலை மடக்கினால் மேலே, நீட்டினால் கீழே. இரண்டு கைகளையும் வயிற்றுக்கு நேராகக் கோத்து நின்றால் எல்லாவற்றையும் பூட்டு என்று அர்த்தம். அந்தச் சைகையை யார் காட்டினாலும், ஏன் என்று கேட்காமல் பூட்ட வேண்டும்.

கார் வந்தது நாலு மாதத்துக்கு முன்னால். யார்டு ஆபீசுக்குப் பின்னால் புல் மூடிக் கிடந்த பழைய குட்டிக் கார். இரண்டே சீட்டு, மேலே கூரை கிடையாது. மடக்கும் கான்வாஸ் ஒரு காலத்தில் இருந்திருக்கிறது. அதை எலிகள் சீட்டுக்குள் கொண்டுபோய் மெத்தை போட்டிருந்தன. குப்பையில் போகவிருந்ததை மாமா கேட்டு வாங்கி, லாரியில் ஏற்றி, வீட்டுக்குப் பக்கத்துத் தகரக் கொட்டகையில் இறக்கினார்.

சனி, ஞாயிறு என்றால் நானும் அங்கே போய்விடுவேன். கூரை இல்லாத காருக்கு முதுகெலும்பு கதவுக்குக் கீழே ஓடும் இரும்புப் பெட்டிதான். எங்கள் காரில் அதைத் துரு தின்றிருந்தது. அவசரப்பட்டு அறுத்தால் வண்டி நடுவில் தொய்ந்துவிடும், அதற்கப்புறம் கதவு ஜென்மத்துக்கும் மூடாது. மாமா முதலில் இரண்டு கதவு வாசலுக்கும் குறுக்கே இரும்பு ஆங்கிள் வைத்து வெல்டு அடித்தார். பிறகுதான் அறுத்தார். புது இரும்பு வைத்த பின் கதவை மாட்டி, இடுக்கில் ஒரு வெல்டிங் ராடை மேலிருந்து கீழே ஓட்டிப் பார்த்தார். எங்கேயும் இடிக்கவில்லை, எங்கேயும் ஆடவில்லை. "பாத்தியா, பொறக்கும்போதே இப்படிப் பொறந்திருக்காது," என்றார்.

அவர் முறுக்கிய நட்டை நான் மறுபடி தொட்டுப் பார்த்ததில்லை. நான் முறுக்கியதை அவரும் பார்த்ததில்லை. யார்டில் ஒருவர் உயிர் ஒருவர் கையில் இருக்கிறவர்களுக்குள் அப்படி ஒரு வழக்கம். சரிபார்த்தால் கன்னத்தில் அடித்த மாதிரி.

அக்காளுக்கு வேறு சந்தேகம்.

"நாலு பேரு இருக்கற வீட்டுக்கு ரெண்டு சீட்டு காரு. மீதி ரெண்டு பேரு பின்னாடி ஓடி வரணுமா? நீயே சொல்லு."

"ஆசைப்பட்டுச் செய்யறாரு, விடேன்."

"அம்பது வயசுல வர்ற ஆசை எனக்குத் தெரியாதா? பக்கத்து சீட்ட மட்டும் ரெண்டு தடவ கழட்டி மாட்டிட்டாரு. நான் உக்காந்து பாக்கறேன்னா, பெயிண்டு காயலங்கறாரு. சீட்டுக்கு எதுக்குடா பெயிண்டு? நீ என் தம்பியா, அவருக்கு மச்சானா?"

"ரெண்டும்தான்."

"அப்ப ரெண்டு கண்ணையும் தொறந்து வெச்சுக்க."

பெடல் போன பிறகு அக்காள் சந்தேகத்தை நான் தீர்த்து வைத்தேன். "பொம்பள விஷயம் இல்லக்கா. இது எவனோ கால் சரியில்லாதவனுக்கு மாமா கமுக்கமா செஞ்சு குடுக்கற வண்டி. நம்மகிட்ட சொந்தம்னு சொல்லிட்டு இருக்காரு." கையால் பிடிக்கும் கிளட்ச் வேறு யாருக்கு வேண்டும்? கியர்க் கம்பியின் தலையில் மோட்டார் பைக் கிளட்ச் பிடி ஒன்றை மாட்டியிருந்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே விரலால் இழுக்கும் ஆக்சிலேட்டர். வேலை அவ்வளவு சுத்தம். அக்காளுக்கும் அது நியாயமாகப் பட்டது. அவளுக்குப் பாதி உயிர் திரும்பி வந்தது. இரண்டு வாரம் அந்தக் கால் சரியில்லாத ஆளைத் தேடினேன். மாமாவைப் பார்க்க எவனாவது நொண்டிக்கொண்டு வருகிறானா என்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எவனும் வரவில்லை.

அடுத்த புதன்கிழமை யார்டில் ஒரு தகட்டுக் கட்டு இறங்கியது. ஒரு முழம் மேலே நிறுத்தக் கை காட்டினேன். நிற்கவில்லை. கையை இழுத்துக்கொண்டேன், கையுறை மட்டும் உள்ளே மாட்டிக்கொண்டது. அடியிலிருந்த மரக்கட்டை இரண்டாகப் பிளந்தது. யார்டே திரும்பிப் பார்த்தது.

"பிரேக் வழுக்குது!" மாமா மேலேயிருந்து கத்தினார்.

மேஸ்திரி மெக்கானிக்கை அனுப்பினார். மெக்கானிக் திறந்து பார்த்துவிட்டுத் துணியில் கை துடைத்தபடி இறங்கினான். "பிரேக் பட்டை போன மாசம் மாத்தினது. ஒரு சொட்டு எண்ணெய் இல்ல. வழுக்கறது எதுவோ, இது இல்ல," என்று சொல்லிவிட்டுப் போனான்.

கட்டு விழுவதற்கு ஒரு நொடி முன்னால் நான் மேலே பார்த்திருந்தேன். அவர் கண் என் கையில் இல்லை. குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் இருட்டில் செருப்பைத் தேடுகிறவன் பார்ப்பது போல.

சனிக்கிழமை போனேன். காரில் மிச்சமிருந்த பிரேக் பெடலைக் கழற்றி வைத்து, அதன் இரண்டு ஓரத்திலும் விரல் உயரத்துக்கு இரும்புப் பட்டை வைத்து வெல்டு அடித்துக்கொண்டிருந்தார். பெடலுக்குச் சுவர் கட்டுவது போல.

"இது எதுக்கு மாமா?"

"கால் பெடல விட்டு நழுவாம இருக்க."

"யாரு கால்?"

"பெடல் மேல வெச்சா எவன் காலும்தான் நழுவும். பட்டையப் புடி, சாயுது."

குறட்டால் பட்டையைப் பிடித்தேன். அவர் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார், முகத்தில் கவசம், காலில் ரப்பர் செருப்பு. ராடு தீர்ந்ததும் கடைசித் துண்டை உதறினார். சிவந்த துண்டு அவர் வலது பாதத்தின் மேல், செருப்பு வாருக்கு இடையில் போய் உட்கார்ந்தது.

வெல்டிங் பட்டறைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். ஒரு பொறி பட்டாலே ஆள் குதிப்பான், அம்மாவைக் கூப்பிடுவான். மாமா புது ராடை மாட்டினார். கவசத்தை இறக்கினார். வேலையைத் தொடர்ந்தார்.

நான் உடனே தட்டிவிட்டிருக்கலாம். தட்டவில்லை. மனசுக்குள் எண்ணினேன். ஒன்று. இரண்டு. மயிர் பொசுங்கும் வாடை வந்தது. மூன்று. தோல் வாடை. அவர் கால் அசையவில்லை, விரல்கூட மடங்கவில்லை. ஐந்து எண்ணிய பிறகுதான் குறட்டால் தட்டிவிட்டேன்.

அவர் கவசத்தைத் தூக்கினார். "என்ன?"

"துண்டு. கால் மேல கெடந்துச்சு."

பாதத்தைப் பார்த்தார். கறுத்துச் சுருங்கிய ஒரு கோடு. பிறகு என் முகத்தைப் பார்த்தார். அதன் பிறகு, "அய்யய்யோ!" என்று கத்தினார்.

நெருப்பு பட்டவன் கத்திவிட்டுத்தான் பார்ப்பான். இவர் பார்த்துவிட்டுக் கத்தினார்.

அக்காள் தண்ணீரோடு ஓடி வந்தாள். ஊதினாள், மருந்து தடவினாள், துணி கட்டினாள். "எப்படித் துடிச்சுட்டாரு பாரு!" என்றாள் என்னிடம். மாமா உதட்டைக் கடித்துக்கொண்டு, "எரியுது, மெதுவா," என்றார். அவள் கை எடுத்த பிறகும் எரியுது என்றார்.

கால் சரியில்லாத ஆளை நான் கண்டுபிடித்துவிட்டேன்.

அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கணக்குப் போட்டேன். ஏழெட்டு வருடமாக அவருக்குச் சர்க்கரை, அது முற்றினால் பாதம் மரத்துப்போகும். மாத்திரை போடுகிறார், மற்றபடி அதைப் பற்றிப் பேச மாட்டார். யார்டுக்கு வருடம் ஒரு தடவை டாக்டர் வருவார். கண்ணைப் பார்ப்பார், காதைப் பார்ப்பார், கிரேன்காரன் பாதத்தைத் தொட்டுப் பார்க்க அந்தப் படிவத்தில் இடம் கிடையாது. வாய் திறந்தால் மாமா கிரேனை விட்டு இறங்க வேண்டும். இறங்கினவனுக்கு யார்டில் கேட்டில் உட்காரும் வேலைதான். நேற்று வந்தவனெல்லாம் "பஞ்சு, கேட்ட தொற" என்பான். வாய் திறக்காவிட்டால் திங்கட்கிழமை நான் அந்தக் காலுக்குக் கீழே நிற்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமையும் போனேன். ஏன் போனேன் என்றால், அவரே சொல்லிவிடுவார் என்று ஒரு நப்பாசை.

கட்டுப் போட்ட காலுக்குச் செருப்பு ஒத்துவரவில்லை என்று யார்டு பூட்ஸைப் போட்டிருந்தார், கயிறு கட்டாமல் வாயைத் திறந்துவிட்டு. அன்றைக்குச் சீட்டு மாட்டும் வேலை. ஓட்டுகிறவர் சீட்டு முடிந்தது. பக்கத்துச் சீட்டை முறுக்குவதற்கு முன்னால், "ஏ, வா இங்க," என்று அக்காளைக் கூப்பிட்டார். "உக்காரு. கால நீட்டு."

"என்ன திடீர்னு? பெயிண்டு காஞ்சிருச்சா?"

"உனக்குக் குட்டக் காலு. கால் தொங்குனா இடுப்பு வலின்னு ராத்திரி பூரா என் உயிர எடுப்ப. அதான் சீட்ட எறக்கி, முன்னாடி இழுத்து வெச்சேன்."

அக்காள் உட்கார்ந்தாள். கால் சரியாகத் தரையில் பட்டது. நாலு மாதம் வளர்த்த சந்தேகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டாள். "மழை வந்தா?" என்றாள்.

"நனைவோம்."

அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். நான் சிரிக்கவில்லை. மாமா அதைக் கவனித்தார்.

சீட்டுக்கு நாலு போல்ட். மாமா காரின் கதவு வாசலில் கால் மடித்து உட்கார்ந்து நட்டுகளைக் கோத்துக்கொண்டு வந்தார். மூன்று கோத்தார். நாலாவது காணவில்லை.

"இப்பதான கையில இருந்துச்சு!"

கொட்டகை முழுக்கத் தேடினோம். காந்தத்தைக் கயிற்றில் கட்டி இழுத்தேன். அக்காள் துடைப்பத்தோடு வந்து பெருக்கிப் பார்த்தாள். "அவரு சீட்டுக்கு நாலும் இருக்கும். என் சீட்டுக்கு வரும்போதுதான் நட்டு காணாமப் போகும்," என்றாள். எங்கேயும் இல்லை. நாளைக்கு யார்டிலிருந்து ஒன்று எடுத்து வருவோம் என்று விட்டுவிட்டோம்.

கிளம்பும்போது கேட்டேன். "மாமா, டாக்டர்கிட்ட கால காட்டுனீங்களா?"

"இந்தச் சூட்டுக்கா? ரெண்டு நாள்ல ஆறிடும்."

"சூட்டச் சொல்லல."

பக்கத்தில் கிடந்த துணியை எடுத்தார். கையில் துடைக்க ஒன்றுமில்லை. துணியையே மடித்தார். "மாப்ள, வீட்டுல நடக்கறது வீட்டோட இருக்கணும். வீட்டுக்கு வந்து போறவன் வேவு பாக்கக் கூடாது."

கெஞ்சுகிறாரா, மிரட்டுகிறாரா என்று எனக்குப் புரியவில்லை. அவர் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியாமல் போனது அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை காலை முதல் லாரி வந்து நின்றது. மாமா கிரேனில் ஏறியிருந்தார். நான் கம்பிக் கயிற்றைக் கட்டுக்குக் கீழே விட்டு, அதன் இரண்டு முனை வளையங்களையும் கையில் பிடித்துக்கொண்டு, கொக்கியை இறக்கச் சொல்லி விரலை நீட்டினேன். கொக்கி வந்தது. என் தலைக்கு ஒரு முழம் மேலே வரும்போது அவரைப் பார்த்தேன்.

குனிந்து காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கயிற்றைத் தரையில் போட்டேன். இரண்டு கைகளையும் வயிற்றுக்கு நேராகக் கோத்தேன்.

அவர் நிமிர்ந்ததும் அதைத்தான் பார்த்தார். கொக்கியில் பாரம் இல்லை, சுற்றிலும் ஆபத்து இல்லை. ஆனாலும் ஏன் என்று கேட்கக் கூடாத சைகை. மேலே கயிறு சுற்றும் டிரம் பூட்டும் சத்தம் கேட்டது. இன்ஜின் நின்றது. யார்டில் அவ்வளவு அமைதியை நான் கேட்டதில்லை.

மேஸ்திரி ஓடி வந்தார். "என்னய்யா? கயிறு பிரிஞ்சிருக்கா?"

"இல்லண்ணே."

"பின்ன எதுக்குப் பூட்டச் சொன்ன? லாரி ஒம்பது நிக்குது வெளிய!"

மாமா ஏணியில் இறங்கிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு படிக்கும் குனிந்து பார்த்து, கால் படிக்கு வந்துவிட்டதா என்று உறுதி செய்துகொண்டு. பதினொரு வருடமாக ஏணியைப் பார்க்காமல் இறங்கிய ஆள். இதை நான் இத்தனை நாள் எப்படிப் பார்க்காமல் இருந்தேன்?

"மாமன் மச்சான் சண்டைன்னா வீட்டோட வெச்சுக்கங்கய்யா," என்றார் மேஸ்திரி.

மாமா என் எதிரில் வந்து நின்றார். அவர் சொல்வார் என்று காத்திருந்தேன். நான் சொல்லமாட்டேன் என்று அவர் காத்திருந்தார்.

"அண்ணே, இவரு பூட்ஸக் கழட்டச் சொல்லுங்க," என்றேன்.

"என்னடா சொல்ற?"

"கால்ல உணர்ச்சி இல்ல. பெடல் தெரியல அவருக்கு. புதன்கிழம வழுக்குனது பிரேக் இல்ல."

"பொய்," என்றார் மாமா. "சனிக்கிழம சுட்டுக்கிட்டேன், அந்த வலி. அவ்வளவுதான். வேணும்னா பாருங்க." தகட்டு அடுக்கின் மேல் உட்கார்ந்து, வீம்பாக வலது பூட்ஸின் கயிற்றை அவிழ்த்து உருவி, மேஸ்திரி முன்னால் கவிழ்த்தார், ஒன்றுமில்லை பார் என்பது போல.

டிங் என்று தகட்டின் மேல் ஒன்று விழுந்து உருண்டது.

நட்டு. நேற்று காந்தமும் துடைப்பமும் போட்டுத் தேடிய நட்டு.

அவர் காலை உயர்த்திப் பார்த்தார். உள்ளங்கால் பக்கம் காலுறை ரத்தத்தில் ஊறி ஒட்டியிருந்தது. வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம், பஸ் நிறுத்தத்திலிருந்து யார்டு, யார்டிலிருந்து கிரேன் ஏணி. அவ்வளவு தூரம் அதை மிதித்துக்கொண்டு வந்திருக்கிறார்.

மேஸ்திரி குனிந்து அந்தக் காலைப் பார்த்தார். பிறகு பிற்பகல் ஷிப்டு கிரேன்காரனுக்குப் போன் பண்ண ஆபீஸ் பக்கம் நடந்தார்.

மாமா நட்டை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் கால் விஷயத்தை அவர் எங்களிடமிருந்து மட்டும் மறைத்து வைத்திருக்கவில்லை, தன்னிடமிருந்தும்தான் என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. எவ்வளவு தூரம் போய்விட்டது என்று அவருக்கே இன்றைக்குத்தான் தெரிந்திருக்கிறது.

"சனிக்கிழம," என்றார் நிமிராமல். "ராடு துண்டு விழுந்தப்ப. உடனே பாத்துட்டியா?"

பொய் சொல்லியிருக்கலாம். "பாத்தேன்."

"பாத்துட்டே நின்ன."

"அஞ்சு வரைக்கும் எண்ணினேன்."

தலையை ஆட்டினார். கோபம் இல்லை, கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். நட்டைச் சட்டையில் துடைத்தார். துடைத்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"உங்கக்கா உக்கார்ற சீட்டு. சாயங்காலம் வந்து மாட்டிடு."

"சரி மாமா."

"முறுக்கிட்டு என்னக் கூப்பிடு," என்றார். "நான் ஒரு தடவ தொட்டுப் பாக்கணும்."